அமர்த்தப்பட்ட பன்னிரண்டு பேர்

ஒல்லாந்தர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி வாணிகம் செய்துகொண்டிருந்த காலத்தில், ஒரு பெருமழையில் அந்தக் கோட்டையின் வடக்கு மதில் சரிந்து விழுந்தது. விழுந்ததற்குக் காரணம் மழை. பதினோரு மாதம் அது விழுந்தபடியே கிடந்ததற்குக் காரணம் ஒரு சொல்.

நடந்தது இதுதான். அதற்கு முந்தைய வருஷம் கோட்டையில் மூட்டை தூக்கச் சேர்ந்த ஒருவன் மூன்றாம் நாளே ஓடிப்போனான். பிடித்துக்கொண்டு வந்து விசாரித்தபோது, "நீங்க இன்னா சொல்லி என்னைக் கூப்ட்டீங்கன்னே எனக்குப் புரியல தொரை" என்று சொல்லிவிட்டான். இந்தப் பதில் கடல் கடந்து மேலிடத்துக்குப் போயிற்று. மேலிடம் எட்டு மாதம் யோசித்து ஓர் உத்தரவு அனுப்பியது. இனிமேல் ஊர் ஆட்களை அவர்கள் மொழிச் சொல்லால்தான் வேலையில் சேர்க்க வேண்டும். அந்தச் சொல்லின் பொருளை முதலில் தீர விசாரித்து ஏட்டில் பதிய வேண்டும். பதிந்த பொருளுக்கு மாறாக எவரையும் நடத்தக் கூடாது.

சாதாரணமாக இப்படிப்பட்ட உத்தரவுகளைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். அந்தக் கோட்டையின் கெட்ட காலம், அதைப் படித்தவர் நம்பிவிட்டார். அவர் பெயர் ஸ்லோட். அதுவரை கிடங்கில் கிராம்பு நிறுத்துக்கொண்டிருந்தவர். ஒன்பது மாதம் உட்கார்ந்து தமிழ் படித்தவர் என்பதால் இந்தப் பொறுப்பு அவருக்கு வந்தது. ஊர்க்காரர்கள் வாயில் அவர் பெயர் 'சொல்லுத் துரை' ஆயிற்று. அதைத் தம் பணிக்குக் கிடைத்த பட்டமாக அவர் எடுத்துக்கொண்டார்.

உடனே 'சொல் கச்சேரி' என்று ஒன்று ஏற்பட்டது. சொல்லுத் துரைக்குக் கீழே சாலமன் என்ற எழுத்தர், மொழிபெயர்த்துச் சொல்லக் கௌஸ் மைதீன் என்ற துபாசி, இரண்டு சிப்பாய்கள், ஏட்டைத் தூக்கி வர ஓர் ஆள், அந்த ஆளுக்குக் குடை பிடிக்க ஓர் ஆள். மதில் கட்டும் பொறுப்பிலிருந்த இன்னொரு துரை, அவரை ஊரில் மதில் துரை என்பார்கள், இவர்களையெல்லாம் எந்தச் சொல்லால் வேலைக்கு வைத்தீர்கள் என்று எழுதிக் கேட்டார். 'கச்சேரி ஆட்கள் வேலை செய்வதற்காக வைக்கப்பட்டவர்கள் அல்லர். ஆகையால் அந்த உத்தரவு அவர்களைக் கட்டுப்படுத்தாது' என்று சொல்லுத் துரை பதில் எழுதினார்.

பத்து மாதம் விசாரணை நடந்தது. வேலைக்கு 'வைக்கிறது' என்பது முதலில் தள்ளுபடியானது. பானையும் வைக்கிறார்கள், பொட்டும் வைக்கிறார்கள், கூரைக்கு நெருப்பும் வைக்கிறார்கள். ஆளை இதில் எதைப் போல வைப்பது என்று தெளிவில்லை. 'எடுக்கிறது' வாந்தியோடும் பிச்சையோடும் சேர்ந்து வந்ததால் கௌரவக் குறைவு என்று விலக்கப்பட்டது. ஆள் 'பிடிக்கிறது' என்பது மதில் துரைக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் நண்டுக்கும் அதே சொல் என்று தெரிந்ததும் அதுவும் போயிற்று. கடைசியில் 'அமர்த்துதல்' தேறியது. கேட்க மரியாதையாக இருக்கிறது, நூல்களிலும் இருக்கிறது என்றார் சொல்லுத் துரை.

"அமர் என்றால் என்ன?" என்று அவர் துபாசியைக் கேட்டார்.

"உட்கார், துரை."

"அமர்த்து என்றால்?"

"உட்காரவை. ஆனால் துரை, வேலைக்கு அமர்த்துறதுன்னா..."

"ஆனால் என்பது ஏட்டில் பதியப்படுவதில்லை" என்று சொல்லிவிட்டு, உட்காரவை என்பதைப் பதியச் சொன்னார் துரை.

கௌஸ் மைதீன் பழவேற்காட்டுப் பழைய மரைக்காயர் வாணிகக் குடும்பம். நாலு மொழி தெரிந்தவர். துபாசி வேலையில் பாதி சொல்வது, பாதி விழுங்குவது என்று பல வருஷங்களுக்கு முன்பே தெரிந்துகொண்டவர். அன்றைக்கும் விழுங்கினார்.

தை பிறந்ததும் கோட்டை ஆட்கள் ஏரிக்கரை ஊர்களில் தண்டோரா போட்டார்கள். மதிலுக்குச் சுண்ணாம்பு சுடக் கிளிஞ்சல் அள்ள வேண்டும், பன்னிரண்டு பேர் வேண்டும், ஏழு நாள் வேலை, ஆளுக்கு ஒரு மூட்டை அரிசி. தோணிரேவு என்ற ஊரிலிருந்து சின்னப்பன் போனான். அவன் போனதில் ஆச்சரியமில்லை. யார் எதைச் சொன்னாலும் 'சரி' என்று சொல்லிவிடுகிற மனிதன் அவன். அவன் மனைவி இருசம்மாள் மட்டும் கேட்டாள்.

"தண்ணி எறங்கிகினு வருது. இன்னும் பத்து நாள்ல எறா சேத்துக்கு வந்துடும். இப்பப் போயி இன்னாய்யா?"

"ஏழு நாள்தானேமே. எறா வர்றதுக்குள்ள வந்துடறேன்."

அவர்கள் இருவரும் ஏரியில் கையாலேயே இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள். முழங்கால் தண்ணீரில் மண்டியிட்டு, சேற்றில் கையால் துழாவி, அகப்பட்டதை ஓலைப்பறியில் போடுவார்கள். ஒருவர் இந்தப் பக்கமிருந்தும் ஒருவர் அந்தப் பக்கமிருந்தும் துழாவிக்கொண்டு வந்தால் இறால் நடுவில் ஒதுங்கும். ஒரே ஆள் துழாவினால் இறால் மறுபக்கம் நழுவிப் போகும். தையில் கிடைக்கிற அந்தப் பதினைந்து இருபது நாள் இறாலைக் காயவைத்துத்தான் கோடை முழுவதையும் ஓட்ட வேண்டும். அதை விட்டால் அடுத்த மழை வரைக்கும் வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

ஏழாம் நாள் போயிற்று. பத்தாம் நாளும் போயிற்று. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இறால் வந்தது. சின்னப்பன் வரவில்லை. இரண்டு நாள் இருசம்மாள் தனியாகத் துழாவிப் பார்த்தாள். பறியின் அடிகூட நிறையவில்லை. மூன்றாம் நாள் காலையில் அதே பறியைத் தோளில் மாட்டிக்கொண்டு கோட்டைக்கு நடந்தாள்.

கோட்டை வாசல் திறந்துதான் இருந்தது. உள்ளே நீளமான கொட்டகை. அதன் கீழே நீளமான பலகை. பலகையில் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவது ஆள் சின்னப்பன். எதிரே வடக்கு மதில் இடிந்தபடியே கிடந்தது. அதன்மேல் ஆடு ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது.

இருசம்மாளுக்கு முதலில் வந்தது நிம்மதி. ஆள் உயிரோடு இருக்கிறான். உடனே அதற்கு மேல் கோபம் வந்தது.

"இன்னாய்யா பண்ணிகினு கீற?"

"உக்காந்துகினு கீறேன்" என்றான் சின்னப்பன், தலையைக் குனிந்துகொண்டு.

"அத்தான் தெரியுதே. கெளிஞ்சல்?"

"அள்ளல."

"ஏன்?"

"அள்ளப் போனா உக்கார வைக்கிறாங்கமே. மொத நாள் நானே எழுந்து கூடையை எடுத்தேன். ஓடியாந்து புடிங்கிக்கினாங்க. உன்னை அமர்த்திக்கீது, ஏந்திரிச்சா தப்புன்னாங்க. காலையில கஞ்சி குடுக்கறாங்க, மத்தியானம் சோறு குடுக்கறாங்க. ஒரு கொறை இல்ல." சொல்லிவிட்டுக் காலை நீட்டி மடக்கினான். "முட்டிதான் புடிச்சுக்கிச்சு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஆரம்பாக்கத்துக் கிழவர். "என் சென்மத்துல இப்படி ஒரு கஷ்டமான வேலை பாத்ததில்லம்மா" என்றார்.

இருசம்மாள் நேரே சொல் கச்சேரிக்குப் போனாள். சொல்லுத் துரை பெரிய தொப்பி வைத்துக்கொண்டு ஏட்டுக்குப் பின்னால் இருந்தார். வாயிலில் பெண்குரல் கேட்டு நிமிர்ந்தார்.

"அம்மையே, நீவிர் யாவர்? எதன்பொருட்டு ஈண்டு எய்தினீர்?"

இருசம்மாள் துபாசியைப் பார்த்தாள். "மரைக்காயரே, தொரை இன்னா பாஷை பேசறாரு?"

"தமிழ்தான்" என்றார் கௌஸ் மைதீன். "நீ யாரு, எதுக்கு வந்தேன்னு கேக்கறாரு." துரையின் தமிழைத் தமிழாக்கிச் சொல்வது கொஞ்ச நாளாக அவருடைய முக்கியமான வேலையாகியிருந்தது.

அவள் சொன்னாள். ஏழு நாள் என்று சொல்லி அழைத்தார்கள், பதின்மூன்று நாள் ஆகிறது, இறால் ஓடுகிறது, ஆளை அனுப்புங்கள். துரை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். ஏழு நாள் வேலை என்பது சரிதான், ஆனால் வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லையே என்றார். பிறகு எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினார்.

"அம்மையே, யாம் ஏழு கடல் கடந்து வந்தது மதில் எடுப்பதற்கு அன்று. மதிலை எவரும் எடுப்பர். ஓர் ஆளை அமர்த்துங்கால் அச்சொல் பிழைபடாது அமர்த்தல் வேண்டும். சொல் பிழைபடாதாயின் வேலை நடவாமை ஒரு குற்றமன்று. வேலை நடந்து சொல் பிழைபடின் மேலிடத்துக்கு யாம் என்ன விடை பகர்வோம்?"

"இன்னா சொல்றாரு?"

"வேலை நடக்காட்டி பரவால்லியாம். வார்த்தை தப்பாயிடக் கூடாதாம்."

இருசம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பெரிய இடத்துக்குப் புத்தி வேறு மாதிரி வேலை செய்யும்போலிருக்கிறது, நமக்கு எதற்கு வம்பு என்று நினைத்துக் கையைக் கூப்பினாள். "சாமி, அதெல்லாம் எனக்குத் தெரியாது. எம்புருசனை வேலையவுட்டு நிறுத்திடுங்க. புண்ணியமாப் பூடும்."

துரையின் முகம் மலர்ந்தது. "நிறுத்துதல்!" என்றார். "சாலமா, எழுதுக. அமர்த்துதலுக்கு மறுதலை நிறுத்துதல். எத்துணை நேர்மையான மொழி! அமர்த்தினால் அமர்வான். நிறுத்தினால்..."

"துரை," என்றார் கௌஸ் மைதீன் அவசரமாக, "நிறுத்துறதுன்னா நிக்க வைக்கிறதுதான். ஆனால்..."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. துரை கையை உயர்த்தித் தடுத்துவிட்டார்.

இரண்டு சிப்பாய்கள் கொட்டகைக்குப் போய்ச் சின்னப்பனை எழுப்பி நிற்க வைத்தார்கள். ஒருவனுக்கு மட்டும் அந்தச் சலுகை கொடுத்தால் முறையாகாது என்று மற்ற பதினொரு பேரையும் நிற்க வைத்தார்கள். முதலில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். முட்டிக்கு இதமாக இருந்தது. ஒரு நாழிகை கழித்துச் சந்தோஷம் போயிற்று. ஆரம்பாக்கத்துக் கிழவர், "இத்தவிட அதுவே தேவலாம்" என்று இருசம்மாளைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"நீ சும்மா இருந்திருக்கலாம்மே" என்றான் சின்னப்பன்.

அவள் பறியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் பெண்கள் ஏரியில் மண்டியிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு எல்லம்மாவும் அவள் புருஷனும் பறியைக் கரையில் கொட்டுவதைப் பார்த்தாள். துள்ளிக் குதித்தது இறால், விரல் நீளம். எல்லம்மா ஒரு கை இறாலை அள்ளி இருசம்மாள் பறியில் போட வந்தாள். இவள் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் காலையில் திரும்பவும் கோட்டைக்கு வந்தாள். இந்தமுறை பேசுவதை வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கச்சேரிக்காரர்கள் ஏரிப்பக்கத்துப் படகுத்துறையில் இருந்தார்கள். துரை காற்று வாங்கிக்கொண்டு அடுத்த சொல்லை யோசித்துக்கொண்டிருந்தார். சாலமன் துறையின் ஓரத்தில் நின்றபடி இறகைச் சீவிக்கொண்டிருந்தார்.

"தொரை, எம்புருசனுக்கு பதிலு வேற ஆளப் போட்டுக்குங்க" என்றாள் இருசம்மாள். "ஊர்ல ஆளுக்கா பஞ்சம்? இவரை வுட்டுட்டு வேற ஆளப் போடுங்க, அவ்ளோதான்."

துரை புருவத்தைச் சுருக்கினார். "வேறு ஆளைப் போடுவதா? எவ்விடத்தில்?"

"எங்கியோ போடுங்க சாமி, எனக்கு இன்னா?"

"போடுதல் என்பதன் பொருள்?" என்று துரை கௌஸ் மைதீனிடம் திரும்பினார். துபாசிக்கு இரவெல்லாம் தூக்கமில்லை, கண்ணெரிச்சல். "போடுறதுன்னா போடுறதுதான் துரை. எறியறது" என்று சொல்லிவிட்டார். வேறு ஏதோ சொல்ல நினைத்ததாகவும் அதற்குள் காரியம் நடந்துவிட்டதாகவும் பிற்பாடு சத்தியம் செய்தார்.

"சோதித்து அறிவோம்" என்றார் துரை.

சிப்பாய்கள் 'வேறு ஆள்' எங்கே என்று சுற்றிலும் பார்த்தார்கள். பன்னிரண்டு பேரில் சேராத ஆளாக, கைக்கு எட்டும் தூரத்தில், தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுத்தர் சாலமன் ஒருவர்தான். ஆளுக்கு ஒரு கையைப் பிடித்தார்கள். 'ஐயோ, நான் கச்சேரி ஆளு, எனக்கு இந்தச் சொல் பொருந்தாது!' என்று அவர் கத்தியது சட்டப்படி சரியான வாதம். ஆனால் அது முடிவதற்குள் அவர் தண்ணீரில் இருந்தார்.

ஏரி அங்கே இடுப்பளவுதான். ஆனால் சாலமனுக்கு அது தெரியாது. இருசம்மாள் பறியை வீசிவிட்டு இறங்கி, அவர் குடுமியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். அவர் சேற்றைத் துப்பிவிட்டு, "பதிய வேண்டுமா, துரை?" என்று கேட்டார். பழக்கம்.

இந்தக் கூச்சலில் மதில் துரை ஓடி வந்தார். அவர் சிவந்த மனிதர். அன்றைக்கு இன்னும் சிவந்திருந்தார். அவர் மொழியில் அவர் கத்தியதையெல்லாம் கௌஸ் மைதீன் முழுவதுமாக விழுங்கிவிட்டு, கடைசி வாக்கியத்தை மட்டும் இருசம்மாளுக்குச் சொன்னார். "ஏம்மா, உங்க ஊர்ல ஒருத்தரை வேலைக்குக் கூப்பிடணும்னா நீங்க இன்னா வார்த்தைதான் சொல்வீங்கன்னு கேக்கறாரு. பதினோரு மாசமா யாரும் உங்கள்ல ஒருத்தரையும் கேக்கலியாம்."

இருசம்மாள் முந்தானையைப் பிழிந்தாள்.

"வார்த்தை இன்னா வார்த்தை? எப்பனா படகு இழுக்கணும், கூரை போடணும்னா பக்கத்து வூட்டுக்குப் போவோம். 'வரியா?'ன்னு கேப்போம். 'வரேன்'னா வருவான். வேலை முடிஞ்சா கூலியோ கொழம்போ வாங்கிக்கினு வூட்டுக்குப் பூடுவான். அவ்ளோதான்."

துபாசி சொன்னார். சொல்லுத் துரை ஏட்டை மூடித் திறந்தார்.

"வினாவா?" என்றார். "ஓர் ஆளை வினவி அமர்த்துவதா? வினவினால் அவன் 'மாட்டேன்' என்று கூறல் இயலுமே!"

இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இருசம்மாளுக்கே புரிந்துவிட்டது.

"சொல்லுவான் தொரை. அதுக்குத்தானே கேக்கறது?"

சொல்லுத் துரைக்கு வேர்த்தது. தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு சாலமனிடம் மெதுவாகச் சொன்னார், நோயின் பெயரைச் சொல்கிற வைத்தியரைப் போல. "எழுதுக. இச்சொல்லில் ஒரு பெருங்குறை உளது. இதனுள் மற்றவனும் இருக்கிறான்."

மதில் துரைக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. துபாசியின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். நின்றுகொண்டிருந்த பன்னிரண்டு பேருக்கும் முன்னால் போய், துபாசி காதில் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொருவரையும் கேட்டார். "வரியா?"

முதல் ஆள் திருதிருவென்று விழித்தான். அவனைத் துரை ஒருவர் எதையும் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை. "கெளிஞ்சல் அள்றதுக்கா?" என்றான்.

"ஆமா."

"நெசமா அள்றதுக்கா? உக்கார்றதுக்கு இல்லியே?"

"இல்லை."

"அப்ப வரேன்" என்றான். எளாவூர்க்காரன். அவன் ஊர்ப்பக்கம் இறாலும் இல்லை, அந்த வருஷம் விளைச்சலும் இல்லை. அரிசி மூட்டைக்காகத்தான் வந்தவன். கூடையை எடுத்துக்கொண்டு உடனே போய்விட்டான். இரண்டாவது ஆள், "எறா ஓஞ்சப்புறம் வரேன்" என்றான். அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் சாலமன் இரண்டு பக்கத்திலும் எழுதினார். ஆரம்பாக்கத்துக் கிழவர், "நீ வரியா?" என்று துரையையே திருப்பிக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வாசலைப் பார்த்து நடந்தார்.

ஏழாவது சின்னப்பன்.

"வரியா?"

சின்னப்பன் வாயைத் திறந்தான். 'சரி' என்று சொல்லியே பழகிய வாய். இருசம்மாள் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சொல்லலாம், கண்ணாலாவது காட்டலாம். ஆனால் கேட்டது அவனைத்தானே என்று அவளுக்குத் தோன்றியது. பார்வையைத் திருப்பிக்கொண்டாள். சின்னப்பன் மதில் துரையின் பூட்ஸைப் பார்த்தான், சிப்பாய்களைப் பார்த்தான், இடிந்த மதிலுக்கு அப்பால் தெரிந்த தண்ணீரைப் பார்த்தான்.

"மாட்டேன் தொரை" என்றான். குரல் பிசிறடித்தது. வானம் இடிந்து விழவில்லை என்று தெரிந்ததும் இன்னொருதடவை, கொஞ்சம் தெளிவாக, சொல்லிப் பார்த்தான். "மாட்டேன். எனக்கு வேலை கீது."

மதில் துரை தலையை ஆட்டிவிட்டு எட்டாவது ஆளிடம் போனார்.

நாலு பேர் வந்தார்கள், எட்டுப் பேர் போனார்கள். அந்த நாலு பேரும் சாயங்காலத்துக்குள் அள்ளிக் குவித்த கிளிஞ்சலைப் பார்த்து மதில் துரை அதைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம்.

புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுக்கு நடந்தார்கள். சதுப்பு முடிந்து மணல் ஆரம்பிக்கிற இடத்தில் இருசம்மாள் நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன். கோட்டை வாசல் தொறந்துதானே இருந்துச்சு? பதிமூணு நாள்ல ஒரு நாளு எழுந்து வந்திருந்தா யாரு இன்னா பண்ணியிருப்பான்?"

"யாரும் போன்னு சொல்லலியேமே."

"வான்னும்தான் யாரும் கேக்கல. ஆளு வேணும்னு தப்பட்டை அடிச்சாங்க, நீயாப் போயி நின்னே."

சின்னப்பன் கொஞ்ச நேரம் மணலைக் காலால் கிளறினான். "அங்க குந்திகினு இருக்கறப்ப நானும் அத்தான் நெனைச்சேன்" என்றான். பிறகு அவள் தோளிலிருந்த பறியை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். இறால் இன்னும் ஓயவில்லை.

விஷயம் இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கச்சேரி என்று ஒன்று ஏற்பட்டுவிட்டால் அது முடிய விடாது.

சொல்லுத் துரை ஐந்து நாள் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். வினவுவதில் வேலை நடக்கிறது என்பதை மறுக்க முடியாது. மதில் ஒரு முழம் எழும்பிவிட்டது. ஆனால் வினவியதால் எட்டு ஆள் நஷ்டம். ஆகவே வினா இருக்க வேண்டும், அதனால் வரும் கெடுதல் மட்டும் இருக்கக் கூடாது. ஆறாம் நாள் வழி பிறந்தது. புதிய விதியைத் தாமே சொல்லிச் சாலமனை எழுத வைத்தார். 'வினவுதல் வேண்டும். விடையையும் கச்சேரியே கூறுதல் வேண்டும். வருகிறேன் என்று எவன் வாய் கூறுகிறதோ, அவன் அக்கணமே கூடை சுமத்தல் வேண்டும். மறுத்தல் இல்லை.'

அவசரத்தில் அந்த விதியை அவர் ஒருதடவைகூடத் திருப்பிப் படிக்கவில்லை.

இவ்வளவு நுட்பமான அறிவிப்பைத் தண்டோராக்காரனை நம்பி விடக் கூடாது என்று துரையே தோணிரேவுக்குப் புறப்பட்டு வந்தார். ஏடு, குடை, சிப்பாய்கள், துபாசி, எழுத்தர் எல்லாம் கூட வந்தன. மேற்பார்வைக்கு மதில் துரையும் வந்தார். அவருக்கு இன்னும் எட்டு ஆள் வேண்டும். காலை வெயிலில் ஊரே தண்ணீரில் மண்டியிட்டிருந்தது. கூட்டம் வந்த சத்தம் கேட்டு எல்லோரும் தலையை மட்டும் திருப்பினார்கள்.

சொல்லுத் துரை கரையில் நின்று, தொண்டையைச் செருமி, அவர் வாழ்நாளிலேயே முதல்முறையாக ஊர்க்காரர்களுக்குப் புரிகிற தமிழில் கூவினார்.

"மதில் வேலைக்கு வருகிறாயா?"

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"வருகிறேன்!"

ஒரு கொக்கு எழுந்து போயிற்று. இருசம்மாள் தண்ணீரிலிருந்து எழுந்து, முதுகை நிமிர்த்தி, சேற்றுக் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தாள்.

"யாரு தொரை வரேன்னது?"

துரை திரும்பிச் சாலமனின் ஏட்டைப் பார்த்தார்.

"நீங்கதானே சொன்னீங்க? அப்ப நீங்களே போங்க."

தண்ணீரில் எங்கோ ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். அதன்பிறகு யாரும் அடக்கவில்லை. கௌஸ் மைதீன் நடந்ததை மதில் துரைக்குச் சொன்னார். இந்தமுறை ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. மதில் துரை சாலமனைப் பார்த்தார். சாலமன் ஏட்டைப் பிரித்து, விதியை நிதானமாக, சத்தமாக, ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் படித்தார். பிறகு இறகை மையில் தோய்த்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்.

"துரையவர்கள் பெயரை முழுதாக எழுதலாமா?"

சொல்லுத் துரை 'மாட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அப்படிச் சொன்னால் ஏட்டிலுள்ள சொல் பிழைபட்டுவிடும். அவர் எத்தனையோ வகையில் முட்டாளாக இருக்கலாம், போலி அல்ல. வெகுநேரம் ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தண்ணீரிலிருந்தவர்களை விட்டால் கேட்க வேறு ஆளில்லை என்பதுபோல, இருசம்மாள் பக்கம் திரும்பினார்.

"அம்மையே, அக்கூடை... மிகவும் கனமோ?"

இருசம்மாள் கரையேறினாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த பழந்துணி ஒன்றை எடுத்து, முறுக்கி, வளையமாகச் சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"சும்மாடு. தலையில வச்சு அதுமேல கூடையை வையுங்க, கழுத்து புடிக்காது" என்றாள். திரும்பித் தண்ணீரில் இறங்கப் போனவள், நின்று சொன்னாள். "தொப்பியைக் கழட்டிடுங்க தொரை. அதுமேல நிக்காது."